சாப்பரைக் கப்பல் மருத்துவர் என்று ஏற்கலாமா?

'ஒன் பீஸ்' அனிமேயில் வரும் டோனி டோனி சாப்பரை ஒரு மருத்துவராக எடுத்துக்கொள்ள முடியுமா, இல்லை பொம்மை விற்பதற்காகச் சேர்த்த செல்லப்பிராணிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கடற்கொள்ளையர் கப்பல்களில் நிஜமாகவே மருத்துவர்கள் இருந்தார்களா, அதே கதையில் நாமி என்ற பெண்ணுக்கு வந்ததைப் போன்ற காய்ச்சல் உலகில் உண்டா என்று இரண்டு துணைக் கேள்விகளும் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் படித்தால், சண்டையை நம்பியே ஓடும் ஒரு கதையில் மருத்துவருக்கென்று ஒதுக்கிய இடத்துக்குக் கனம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்று படுகிறது. இருக்கிறது என்பதே என் பதில். ஆனால் தொடர் முழுக்க ஒரே அளவில் இல்லை. நான் பொது மருத்துவம் படித்துவிட்டுப் பயணிகள் கப்பல்களில் சில ஆண்டுகள் மருத்துவராக வேலை பார்த்தவன். பாய்மரக் கப்பல் காலத்தைப் பற்றி நான் சொல்லப்போவது படித்துத் தெரிந்துகொண்டது. காய்ச்சலைப் பற்றியும் கப்பலில் நோயாளி நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் சொல்வது பார்த்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் அதற்கேற்ற எடையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எய்ச்சிரோ ஓடாவின் மங்கா, அதாவது மூலச் சித்திரக்கதை, 1997இல் தொடங்கியது. டோயி அனிமேஷன் தயாரிக்கும் அனிமே 1999 அக்டோபரில் இருந்து ஒளிபரப்பாகிறது. சாப்பர் நீலமூக்கோடு பிறந்த ஒரு கலைமான். மனித இயல்பைத் தரும் மாயக்கனியைத் தின்றதால் பேச்சு வந்தது. பிறகு மருத்துவம் படித்து, கதாநாயகன் லூஃபியின் வைக்கோல் தொப்பிக் கடற்கொள்ளையர் குழுவில் மருத்துவராகச் சேர்ந்தது. நாமியும் அந்தக் குழுவைச் சேர்ந்தவள். அதற்குக் குரல் கொடுக்கும் இகுவே ஓடானிதான் பிகாச்சுவுக்கும் குரல் கொடுப்பவர். எனவே செல்லப்பிராணி என்ற எண்ணம் காதின் வழியாகவே உள்ளே வந்துவிடுகிறது, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. கதைக்குள் இருக்கும் கடற்படையே சாப்பரை வளர்ப்புப் பிராணி என்று நினைத்து அதன் தலைக்கு வெறும் 50 பெரி விலை வைக்கிறது. கூட்டாளிகளுக்குக் கோடிகளில் விலை வைத்திருக்கும் சுவரொட்டிகளுக்கு நடுவே அந்த ஐம்பதைப் பார்த்து சாப்பர் நொந்துபோவது நல்ல நகைச்சுவை.

ஆனால் சாப்பர் வருவதற்கு வெகுமுன்பே ஓடா மருத்துவத்தைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பதற்கு ஒரு சிறிய காட்சி சாட்சி. கதையின் தொடக்கப் பகுதியிலேயே யோசாகு என்ற வேட்டையாளன் பல் விழுந்து, ஆறிப்போன பழைய காயங்கள் திறந்து ரத்தம் கசியப் படுத்துக் கிடக்கிறான். பார்த்தவுடன் ஸ்கர்வி என்று கண்டுகொள்பவள் நாமி. எலுமிச்சையைப் பிழிந்து கொடுக்கச் சொல்கிறாள். அந்த அறிகுறிகள் அத்தனையும் சரி. உயிர்ச்சத்து சி இல்லாவிட்டால் உடல் கொலாஜன் புரதத்தைச் சரியாகக் கட்ட முடியாது, பழைய தழும்பைப் பிடித்துவைத்திருப்பதும் கொலாஜன்தான். ஆண்டுகளுக்கு முன் மூடிய புண் மறுபடி வாய் திறப்பது அந்தக் கால மாலுமிகள் கண்ணால் கண்டது. சாற்றைக் குடித்த மறுநொடியே யோசாகு எழுந்து ஆடுகிறான், அவ்வளவு சீக்கிரம் குணமாகாது என்று நாமி கத்துகிறாள். அவள் சொல்வதுதான் மருத்துவம்: சோர்வு ஓரிரு நாளில் விலகும், ஈறு தேற ஒரு வாரம் இரண்டு வாரம் பிடிக்கும். 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 'சாலிஸ்பரி' கப்பலில் பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமாகச் சிகிச்சை செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் வேகமாகத் தேறினார்கள். அவர் 1753இல் புத்தகமாக எழுதியும், பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறைப்படி வழங்க 1795 ஆகிவிட்டது. அந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளில் கடலில் செத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஓடாவின் குழு இந்தப் பாடத்தை ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டு, நமக்கு ஒரு சமையல்காரர் வேண்டும் என்று முடிவுசெய்கிறது. மருத்துவர் வேண்டும் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் வரவில்லை.

அது வருவது நாமி விழும்போது. அலபாஸ்டா நாட்டின் உள்நாட்டுப் போரைத் தடுக்க இளவரசி விவியை ஏற்றிக்கொண்டு கப்பல் விரைகிறது. நாமிக்கு 40 பாகைக்கு மேல் காய்ச்சல். தனக்கு ஒன்றுமில்லை, வழியை மாற்ற வேண்டாம் என்று அவள் சாதிக்கிறாள். இந்த ஒரு காட்சிக்காகவே ஓடாவுக்குக் கடல் தெரியும் என்று சொல்வேன். கப்பலில் நோயை மறைப்பவன் பெரும்பாலும் சோம்பேறியாக இருக்க மாட்டான், தன்னால் பயணம் தாமதமாகிவிடுமோ என்று அஞ்சும் பொறுப்பானவனாக இருப்பான். இயந்திர அறையில் வேலை செய்பவர் குடல்வால் அழற்சியை அஜீரணம் என்று சொல்லி மாத்திரை கேட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த துறைமுகம் வரை பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. விவி இதை உடைக்கும் விதமும் அழகானது. வழியை மாற்றச் சொல்வதற்கு அந்தக் கப்பலிலேயே மிகக் குறைந்த காரணம் உள்ளவள் அவள்தான். அவளே, முதலில் மருத்துவரைத் தேடுவோம், நாமி தேறினால்தான் இந்தக் கப்பல் தன் முழு வேகத்தில் போகும் என்கிறாள். நோயாளியின் நலனையும் பயணத்தின் நலனையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒன்றாக்கிக் காட்டுவது கப்பல் மருத்துவர் கேப்டனிடம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வாதம்.

இனி அந்தக் காய்ச்சல். கதைப்படி அது 'கெஸ்டியா' என்ற பூச்சி கடித்து வருவது. வெப்பமான ஈரக்காட்டில் வாழும், அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட பூச்சி. கடித்து ஐந்தாம் நாள் ஆள் இறந்துவிடுவான். இதயத் தசை அழற்சி, ரத்தக்குழாய் அழற்சி, மூளை அழற்சி என்று, நாமிக்குச் சிகிச்சை தரும் டிரம் தீவு மருத்துவர் குரேஹா அடுக்குகிறார். சாப்பருக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்தவரும் இவர்தான். அப்படி ஒரு பூச்சியும் இல்லை, அப்படி ஐந்து நாள் கணக்கும் இல்லை, இது உறுதி. ஆனால் அந்த மூன்று அழற்சிகளும் ஒன்றாக வரும் காய்ச்சல் குடும்பம் ஒன்று உண்டு. ரிக்கெட்சியா வகைக் கிருமிகள் உண்ணி, பேன், சிற்றுண்ணி போன்றவை கடிப்பதால் உடலுக்குள் புகுந்து ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகின்றன. குழாய் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம், அதாவது இதயத்திலும் மூளையிலும் நுரையீரலிலும், சேதம் வருகிறது. இவற்றுக்கு நெருங்கிய உறவான ஸ்க்ரப் டைபஸ் ஜப்பானில் நீண்ட காலமாக அறியப்பட்டது; அதன் கிருமியின் பெயரிலேயே அதைப் பரப்பும் சிற்றுண்ணிக்கான ஜப்பானியப் பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் மழைக்காலம் முடியும் தறுவாயில் நம் மருத்துவமனைகளுக்கு அடிக்கடி வரும் அதே உண்ணிக் காய்ச்சல்தான். குரேஹா நாமியின் வயிற்றுப் பக்கம் இருக்கும் கடித்த தடத்தைக் காட்டி, இப்படித் திறந்த வயிற்றோடு அந்தக் காட்டில் நடந்தாயா என்று திட்டும் காட்சியை நான் இரண்டு முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். ஸ்க்ரப் டைபஸில் நாங்கள் தேடுவதும் அந்தத் தடத்தைத்தான்: சிகரெட்டால் சுட்டதைப் போன்ற ஒரு கருத்த பொருக்கு. அது அக்குளிலோ இடுப்பிலோ மார்புக்கு அடியிலோ ஒளிந்திருக்கும், வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. ஆடையை விலக்கிப் பார்க்காத மருத்துவர் அதைக் கோட்டைவிடுவார். ஓடா ஸ்க்ரப் டைபஸை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்பது என் ஊகம் மட்டுமே. ஆனால் கடித்த தடத்தைக் கண்டு நோயைக் கண்டறியும் அந்த முறை கற்பனையில்லை.

குரேஹா மூன்று நாள் படுத்திருக்க வேண்டும் என்கிறார். டாக்சிசைக்ளின் கொடுத்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும். ஆனால் இறங்கிய காய்ச்சல் குணமான நோயாகிவிடாது, மருந்தை முழுவதும் முடிக்க வேண்டும். நாமி வழக்கம்போல் ஓடப் பார்க்கிறாள். இங்கே வரும் பேரம் மருத்துவர்கள் ரசிக்க வேண்டியது. நோயாளி என் கையிலிருந்து போவதென்றால் குணமாகிப் போக வேண்டும், இல்லையேல் செத்துப் போக வேண்டும் என்று சொல்லும் அந்த 139 வயதுக் கிழவி, கோட்டை ஆயுதக் கிடங்கின் சாவியை வைத்து நாமி பேரம் பேசியதும், வீட்டுக்குப் போக அனுமதி தர முடியாது என்று முறைப்பாக மறுக்கிறார். மறுத்துவிட்டு, தான் சிறிது நேரம் வேறு வேலையாகப் போகப் போவதாகவும், மேலங்கி எங்கே இருக்கிறது என்றும், காவலுக்கு ஆளில்லை என்றும் சொல்லி, ஆனால் தப்பித்துப் போய்விடாதே என்று முடிக்கிறார். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறுகிறேன் என்று கையெழுத்து வாங்கும் தாள் எங்களிடம் இருக்கிறது. குரேஹாவிடம் தாள் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. அவர் நாமியை அப்படி விட்டதற்கு, அவளோடு சாப்பரும் கப்பலேறக்கூடும் என்பது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். இது கதையில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

சாப்பரை மருத்துவராக நான் ஏற்பதற்கு அடிப்படை அதன் திறமையைவிட அது படிக்க வந்த காரணம். சாப்பரை வளர்த்த ஹிரிலுக் ஒரு போலி மருத்துவர். நல்ல மனம், அரைகுறை அறிவு. அவர் மரணநோயில் இருப்பதை அறிந்ததும் சாப்பர் ஒரு மருத்துவப் புத்தகத்தைப் புரட்டுகிறது. ஒரு காளானின் படத்துக்குப் பக்கத்தில் மண்டையோட்டுக் குறி. மண்டையோட்டுக் கொடி எதையும் முடியாது என்று ஒப்புக்கொள்ளாத துணிவின் அடையாளம் என்று ஹிரிலுக்கே சொல்லிக்கொடுத்திருந்ததால், குறியைப் பார்த்ததும் இது எல்லா நோயையும் தீர்க்கும் மருந்து என்று சாப்பர் முடிவுகட்டுகிறது. பனியில் அடிபட்டு உதைபட்டு அந்தக் காளானைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அது கொடிய நஞ்சு என்று தெரிந்தும் ஹிரிலுக் சூப்பைக் குடித்துவிட்டு நன்றி சொல்கிறார். பிறகு குரேஹா சாப்பரிடம் உண்மையைச் சொல்லி, இரக்கம் மட்டும் யாரையும் காப்பாற்றாது, காப்பாற்ற அறிவும் பயிற்சியும் வேண்டும் என்ற பொருளில் பேசுகிறார். எல்லா நோய்க்கும் மருந்தாக நானே ஆவேன் என்று சாப்பர் அழுதுகொண்டே கற்றுக்கொடுக்கக் கேட்கிறது. மருத்துவக் கதைகளில் வழக்கமாக நோயாளியைக் காப்பாற்ற முடியாமல் போன துயரம்தான் நாயகனை உருவாக்கும். இங்கே நோயாளிக்கு நஞ்சு கொடுத்த துயரம் உருவாக்குகிறது. பிழையான மருந்தை அன்போடு கொடுப்பது எங்கள் தொழிலின் மிகப் பழைய ஆபத்து. ரத்தம் இறக்கியும் பாதரசம் கொடுத்தும் கொன்றவர்கள் யாரும் கெட்டவர்களாக இருந்ததில்லை. ஒரு குழந்தைத்தனமான கலைமானை வைத்து இதைச் சொல்லிவிட்டார்கள் என்பதாலேயே பலர் இதைக் கவனிக்காமல் போகிறார்கள்.

கடற்கொள்ளையரிடம் மருத்துவர்கள் இருந்தார்களா என்றால், ஐயமில்லாமல் இருந்தார்கள். பலர் விரும்பி வரவில்லை என்பதும் உண்மை. கரிபியன் கொள்ளையரோடு அறுவை மருத்துவராகச் சென்ற எக்ஸ்குவெமெலின் 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில், கொள்ளையைப் பங்கு பிரிக்கும் முன்பே மருத்துவரின் சம்பளத்துக்கும் மருந்துப் பெட்டிக்கும் இருநூறோ இருநூற்றைம்பதோ வெள்ளிக்காசுகளை எடுத்துவைத்ததாகவும், வலக்கையை இழந்தவனுக்கு அறுநூறு காசு என்று இழப்பீட்டுப் பட்டியலே இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். 1722இல் பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கூட்டம் பிடிபட்டு ஆப்பிரிக்கக் கரையின் கேப் கோஸ்ட் கோட்டையில் விசாரிக்கப்பட்டபோது, கட்டாயப்படுத்தி இழுத்துவரப்பட்ட மருத்துவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். தானே விரும்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பீட்டர் ஸ்கடமோர் தூக்கிலிடப்பட்டார். லூஃபி சாப்பரின் தயக்கங்களை எல்லாம் ஒரே அதட்டலில் அடக்கிக் கப்பலில் ஏற்றுவது வரலாற்றோடு பொருந்திப்போகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இன்னொன்றும் இருக்கிறது. 1718 மே மாதம் கருந்தாடி என்ற எட்வர்ட் டீச் தன் கப்பல்களோடு சார்லஸ்டன் துறைமுகத்தை முற்றுகையிட்டு, நகரின் முக்கியப் பிரமுகர்களைப் பிணைபிடித்துவைத்துக்கொண்டு கேட்டது ஒரு மருந்துப் பெட்டியை. ஓடாவின் கதையில் மருத்துவத்துக்குப் பெயர்போன டிரம் தீவைத் தாக்கி அழித்துவிட்டுப் போவது கருந்தாடி டீச் என்றே பெயர் கொண்ட கொள்ளையன். பெயர் அங்கிருந்து வந்தது வெளிப்படை. மருந்துத் தொடர்பும் திட்டமிட்டதா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். அந்தத் தீவின் மன்னன் வாபோல் சிறந்த மருத்துவர்கள் இருபது பேரைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மற்றவர்களை விரட்டியிருந்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மருந்தைக் கையில் வைத்திருப்பவனே ஆட்சியைக் கையில் வைத்திருக்கிறான் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

டிரம் தீவுக்குப் பிறகு உங்கள் சந்தேகம் நியாயமாகிறது. இந்தக் குழுவின் உடல்கள் நம் உடல்கள் இல்லை. எலும்பு நொறுங்கினாலும் இரண்டு வேளை இறைச்சி தின்றால் சரியாகிவிடுகிற நாயகர்களுக்கு நடுவே மருத்துவருக்கு என்ன வேலை? கட்டுப் போடுவது, போட்ட கட்டைக் குழுவின் வாள்வீரன் ஜோரோ அவிழ்த்துவிட்டு உடற்பயிற்சி செய்வதைப் பார்த்துக் கத்துவது, யாராவது விழுந்தால் "மருத்துவரைக் கூப்பிடுங்கள்" என்று ஓடி, அது தானே என்று நினைவு வந்து நிற்பது. அந்தக் கடைசி நகைச்சுவை எனக்குப் பிடிக்கும். விமானத்தில் மருத்துவர் யாராவது இருக்கிறீர்களா என்று அறிவிப்பு வரும்போது நாங்களும் ஒரு கணம் வேறு யாராவது எழுந்திருப்பார்களா என்று பார்ப்போம். காயங்கள் வேலையைக் கொடுக்காதபோது சாப்பருக்கு வேலை கொடுப்பது கூட்டமாக வரும் நோய். பங்க் ஹசார்ட் என்ற தீவில் ஆய்வுக்கூடத்தில் அடைக்கப்பட்ட குழந்தைகளுக்கு நாள்தோறும் கொடுக்கப்படும் மிட்டாயில் அடிமைப்படுத்தும் போதைப்பொருள் இருப்பதைக் கண்டுபிடிப்பது சாப்பர்தான். மிட்டாய் கிடைக்காத குழந்தைகள் வெறிகொள்வதை மருந்து விலகல் என்று புரிந்துகொண்டு அவர்களைத் தடுத்து நிறுத்தப் போராடுவது முழுக்க முழுக்க மருத்துவரின் வேலை.

வானோ நாட்டுப் போரில் எதிரித் தளபதி குவீன் ஏவிவிடும் கொள்ளைநோய்க்குச் சாப்பர் மாற்று தயாரித்து, அதைப் புகையாகக் காற்றில் பரப்பிவிடுகிறது. அந்த அறிவியலை நம்ப வேண்டாம். கதையில் அந்த மாற்றை ஃபேஜ் என்கிறார்கள்; ஃபேஜ் என்ற நிஜ வைரஸ்கள் தாக்குவது பாக்டீரியாக்களை, சில நிமிடத்தில் சண்டைக்களத்தில் எதையும் தயாரிக்கவும் முடியாது. நம்ப வேண்டியது வேறு: குவீன் தன் ஆட்களையும் சேர்த்தே நோய்க்குப் பலிகொடுக்கிறான், சாப்பர் அவர்களையும் சேர்த்துக் குணப்படுத்துகிறது. கடலில் காயம்பட்டவர், நோயுற்றவர், கப்பல் உடைந்தவர் எவரையும் பக்கம் பார்க்காமல் கவனிக்க வேண்டும் என்று 1949இன் இரண்டாம் ஜெனீவா ஒப்பந்தம் சொல்வதும் அதையே. செல்லப்பிராணியா மருத்துவரா என்ற கேள்விக்கு ஒரே ஒரு பகுதியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டுமென்றால் டிரம் தீவு வரும் அனிமேயின் 78 முதல் 91 வரையான அத்தியாயங்களைப் பாருங்கள். பிற்பாடு பொம்மைக்கடைக்காகச் சாப்பரின் உருவத்தைச் சிறிதாக்கி உருண்டையாக்கிக்கொண்டே போனார்கள் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை.

இத்தனை சிறிய குழுவுக்கு ஒரு மருத்துவர் தேவையா என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். இன்றைய சட்டப்படி தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், நூறு பேரோ அதற்கு மேலோ ஏறியிருந்து, மூன்று நாளுக்கு மேல் பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலில்தான் தகுதிபெற்ற மருத்துவர் கட்டாயம் என்கிறது. அதனால்தான் பயணிகள் கப்பலில் எங்களுக்கு வேலை இருக்கிறது, இருபது பேர் போகும் சரக்குக் கப்பலில் இருப்பதில்லை. அங்கே முதலுதவியைத் தாண்டிய பயிற்சி பெற்ற ஓர் அதிகாரி, உலக சுகாதார நிறுவனத்தின் கப்பல் மருத்துவக் கையேட்டை ஒரு கையிலும் தொலைபேசியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு கரையிலுள்ள மருத்துவரின் சொற்படி ஊசி போடுவார். 1935இல் தொடங்கிய ரோம் நகரத்து மையம் போன்ற இடங்கள் வானொலி வழியாக இந்த ஆலோசனையைத் தந்துவருகின்றன. பல கப்பல்களில் அந்தப் பொறுப்பு வழிகாணும் பணியைப் பார்க்கும் இரண்டாம் நிலை அதிகாரியிடம் இருக்கும். லூஃபியின் கப்பலில் அந்தப் பணியைச் செய்பவள் நாமி. ஆக இன்றைய ஏற்பாட்டின்படி மருந்து அலமாரியின் சாவி, காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த அவள் இடுப்பில்தான் இருந்திருக்கும்.